சத்தம் குறைத்து வைத்த ரேடியோ: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் பழைய ரேடியோ ரிப்பேர் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரிப்பேரைப் பற்றியே இல்லை. எல்லாரும் ராத்திரியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். வீடு தூங்கிய பிறகு கேட்ட குரல், பாட்டுக்கு நடுவே வந்த நாலு வார்த்தை, தலைமாட்டில் இருந்த டிரான்சிஸ்டர் என்று. தூத்துக்குடியில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவன் நான். எனக்குத் தெரிந்த பக்கத்தில் இருந்து பதில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் அப்பா இலங்கை வானொலியை இரவில் மட்டும்தான் வைப்பார். பகலில் எங்கள் ஊரில் வெறும் இரைச்சல்தான் வரும். இருட்டியதும் அடுத்த அறையில் இருந்து பேசுவது போலத் தெளிவாகிவிடும். ஏன் ஐயா?
– வாசகி, ராஜபாளையம்

மத்திய அலை, அதாவது மீடியம் வேவ், இரண்டு வழியில் பயணம் போகும். ஒன்று தரையை ஒட்டியே வரும். இன்னொன்று மேலே போய்த் திரும்பும். வெயில் இருக்கும்வரை, பூமிக்கு மேலே சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அயனி அடுக்கு, அதாவது மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கு, இருக்கிறது. மேலே போகிற மத்திய அலையை அது விழுங்கிவிடும். அதனால் பகலில் தரையை ஒட்டி வருவது மட்டும்தான் நமக்கு மிச்சம். காடு, மலை, காய்ந்த நிலம் என்று தாண்டி வருவதற்குள் அதுவும் சோர்ந்துபோகும். சூரியன் இறங்கியதும் அந்தக் கீழ் அடுக்கு கரைந்துவிடும். அப்புறம் அலை தடையில்லாமல் 100 கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அடுக்குகள் வரை போய், சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும். உங்கள் அப்பா இருட்டும் வரை காத்திருந்தது அதற்காகத்தான்.

எங்கள் ஊர்க் கதை வேறு. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். நடுவில் மன்னார் வளைகுடாதான், மேடு பள்ளம் எதுவும் கிடையாது. மத்திய அலைக்கு உப்புத் தண்ணீரைப் போல நல்ல பாதை வேறு இல்லை. தரையில் போவதைவிடக் கடல்மேல் பல மடங்கு தூரம் தாக்குப்பிடிக்கும். அதனால் உச்சி வெயிலிலும் எங்களுக்குக் கொழும்பு கேட்கும். உள்ளூர்க்காரர்கள் இதைப் பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. கோவில்பட்டி தாண்டி விருந்தாளி யாராவது வந்தால்தான், 'என்னப்பா, பட்டப்பகலில் இப்படிக் கேட்கிறது' என்று வாயைப் பிளப்பார்கள்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். இரவில் குரல் திடீரென்று கிட்ட வரும், அப்புறம் தூரப் போகும், மறுபடி வரும். மேலே இருந்து இரண்டு மூன்று பாதைகளில் வரும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் அடித்துக்கொண்டும் செய்கிற வேலை அது. ரேடியோவில் கோளாறு கிடையாது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். 'இது வானத்து ரிப்பேர் அண்ணாச்சி, என்கிட்ட ஸ்பேர் இல்லை' என்று சொல்லி அனுப்புவேன். டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். உள்ளே ஏரியலாக இருக்கிற ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு. கம்பியின் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் விழும், அகலப் பக்கம் பார்த்தால் ஏறும். அதனாலேயே ஒவ்வொரு வீட்டிலும் ரேடியோ வைக்க ஓர் ஆகிவந்த மூலை இருந்தது.

சொந்த நாட்டு வானொலி இருக்கும்போது தமிழ்நாடே ஏன் பக்கத்து நாட்டைக் கேட்டது?
– வாசகர், திண்டுக்கல்

சினிமாப் பாட்டுக்காகத்தான், வேறென்ன. கொழும்பில் ஒலிபரப்பு 1925லேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காக அங்கே ஒரு பலமான வானொலி நிலையம் நடந்தது. 1949ல் அது இலங்கைக்குக் கைமாறியதும் ரேடியோ சிலோனுக்கு, அதாவது இலங்கை வானொலிக்கு, எட்டுத் திக்கும் கேட்கிற வலு வந்துவிட்டது. இந்தியாவில் 1952ல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்து, சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். மக்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித பாரதி 1957 அக்டோபரில் வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. 1967ல் ரேடியோ சிலோன், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. 'கூட்டுத்தாபனம்' என்ற சொல்லை எங்கள் தெருவில் பள்ளிக்கூடமே போகாத ஆச்சி ஒருவர் தடங்கல் இல்லாமல் சொல்வார்.

அந்தக் கால இரவு அறிவிப்பாளர்கள் மட்டும் எப்படி அவ்வளவு மென்மையாகப் பேசினார்கள்? இப்போது பேசுகிறவர்களுக்கு ஏன் அது வரவில்லை?
– வாசகர், கும்பகோணம்

இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதம் உட்கார்ந்தேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கருவி. ஒலிப்பதிவுக் கூடத்து மைக்குகளில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: வாயைக் கிட்டக் கொண்டுபோனால் அடிக்குரல் தடிக்கும். தள்ளி நின்று உரக்கப் பேசினால் மேடைப் பேச்சு. அரை முழத்துக்குள் வந்து தணிந்து பேசினால் காதோடு சொல்வது போல ஆகிவிடும். அடுத்தது அலைவரிசை. மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நம் பக்கத்தில் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதற்குள் அடங்க வேண்டும் என்று மேல்ஸ்தாயி ஒலிகளை வெட்டிவிடுவார்கள். ரேடியோப் பெட்டிக்குள் நிலையத்தைப் பிரித்தெடுக்கிற ஐ.எஃப். காயில் இன்னும் கொஞ்சம் வெட்டும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் சீறல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் மிஞ்சுவது உருண்டையான, முனை மழுங்கிய குரல். அந்தக் குரலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். நாம் மயங்கிய மென்மையில் ஒரு பங்கு தொழில்நுட்பத்தின் கஞ்சத்தனம்.

மீதிப் பங்கு ஆளுடையது. 'நேயர்களே' என்று கூட்டத்தைக் கூப்பிட்டாலும் பேசுவது ஒருவரோடு மட்டும் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜேஸ்வரி சண்முகம் பேசினால் ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து விழும், ஆனால் எங்கும் அழுத்தம் இருக்காது. பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ழகரமும் ளகரமும் லகரமும் அவர் வாயில் மூன்று தனி ஆட்கள். கே.எஸ். ராஜா அருமையான குரல்தான், ஆனால் அது துள்ளுகிற குரல், பகலுக்கானது. என் அபிப்பிராயம் இது. அவருடைய ரசிகர்கள் கல்லெறிய வேண்டாம்.

இலங்கை வானொலியின் 'இரவின் மடியில்' நிகழ்ச்சியில் நான் கவனித்தது இடைவெளிதான். பாட்டு முடியும். உடனே பேச்சு வராது. பாட்டின் கடைசி வயலின் ஓய்ந்து, இசைத்தட்டின் லேசான பொரிச்சத்தம் ஒரு விநாடி கேட்கும். அப்புறம் குரல். அந்த ஒரு விநாடியை விட்டுவைக்க இன்றைக்கு எந்த நிலையத்துக்கும் தைரியம் இல்லை. காலியாக விட்டால் கேட்கிறவர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார் என்ற பயம். அன்றைக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் அகில இந்திய வானொலி நிலையங்கள் 11 மணியை ஒட்டிக் கடையைக் கட்டிவிடும்.

'இசையும் கதையும்' இன்னொரு ரகம். ஒரு சின்னக் கதை, அதன் திருப்பங்களில் பொருத்தமான சினிமாப் பாட்டு. நேயர்கள் எழுதியனுப்பிய கதைகளே அதில் வரும். பாதிக் கதைகளில் காதலன் கடிதம் தாமதமாக வந்து சேரும். கதை சுமார்தான். வாசிக்கிறவர் அதை நம்பி வாசிப்பார், அதனால் நாமும் நம்பினோம்.

இரவில் யார்தான் கேட்டார்கள்? எங்கள் வீட்டில் எல்லாரும் 9 மணிக்கே தூங்கிவிடுவோம்.
– வாசகி, அருப்புக்கோட்டை

அப்படித்தான் எல்லார் வீட்டிலும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் பெட்டியைத் திறந்து பார்க்கிறவன் நான்.

வால்யூம் கண்ட்ரோல் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே குதிரைலாட வடிவில் கறுப்பாக ஒரு கார்பன் பட்டை இருக்கும். அதன்மேல் ஒரு பித்தளை விரல் உரசிக்கொண்டு போகும். நாம் எந்த இடத்தில் அதிகம் வைத்துத் திருகுகிறோமோ அந்த இடத்தில் கார்பன் தேயும். தேய்ந்தால் கரகரக்கும். டீக்கடை ரேடியோவில் தேய்மானம் பட்டையின் கடைசியில் இருக்கும், முழுச் சத்தத்தில் வைப்பவர்கள் அல்லவா. கல்யாண மண்டபத்துக்காரர் கொண்டுவந்ததும் அப்படித்தான். ஆனால் வீட்டு டிரான்சிஸ்டர்களில் முக்கால்வாசி, சுவிட்ச் 'டிக்' என்று விழுந்ததுக்கு அடுத்த அரை விரல் அகலத்தில்தான் தேய்ந்திருக்கும். மீதிப் பட்டை புதுசு போலப் பளபளக்கும். பகலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்காது. குழந்தை எழுந்துவிடக் கூடாது, மாமியார் அதட்டக் கூடாது என்று தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்ட சத்தம் அது.

ஒரு வீட்டுக்காரர் என்னிடம் அடித்துச் சொன்னார், 'எங்க வீட்டுல ரேடியோ செய்திக்கு மட்டும்தான் தம்பி'. பட்டை வேறு சொன்னது. அவர் மனைவி கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை, புது கண்ட்ரோல் போட்டுக் கொடுத்தேன். மெதுவாக வைத்தாலும் இனி கரகரக்காது என்று மட்டும் பொதுவாகச் சொன்னேன்.

சத்தம் குறைத்து வைத்ததற்குச் சிக்கனமும் ஒரு காரணம். கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய வால்வு ரேடியோ மெல்லப் பாடினாலும் கத்தினாலும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். டிரான்சிஸ்டர் அப்படி இல்லை. அதன் கடைசிக் கட்டம் சத்தத்துக்கு ஏற்றபடிதான் பேட்டரியை உறிஞ்சும். மெதுவாக வைத்தால் பல நாள் கூடுதலாக ஓடும். சோர்ந்துபோன பேட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடி போடும் வீடுகளுக்கு இது பெரிய கணக்கு.

கேட்டவர்களில் உப்பளக் காவலாளிகள் உண்டு, அச்சகத்து ஆட்கள் உண்டு, பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லி விளக்கெரித்த பையன்கள் உண்டு. ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா ஒருவர் தன் பெட்டியில் இயர்போன் சொருகத் துளை போட்டுத் தரச் சொன்னார். எல்லாரும் ஒரே குரலைத்தான் கேட்டார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

பிபிசி தமிழோசை பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.
– வாசகர், பரமக்குடி

லண்டனில் இருந்து, இரவு 9.15. சிற்றலையில், அதாவது ஷார்ட் வேவில், அரை மணி நேரம். 1941 மே 3ல் தொடங்கியது, 2017 ஏப்ரல் 30ல் கடைசியாக ஒலித்தது. சிற்றலையில் நிலையத்தைப் பிடிப்பது மத்திய அலை போல இல்லை. முள் மயிரிழை நகர்ந்தாலும் வேறு மொழி வந்துவிடும். முள்ளை இழுக்கும் டயல் கயிறு தளர்ந்த பெட்டியில் குமிழைத் திருகினால் முள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். அதனால் 9 மணிக்கே தேடத் தொடங்கிவிடுவார்கள். தமிழோசையின் ஆனந்தி அக்கா பேசினால் செய்தி கேட்கிற மாதிரியே இருக்காது, ஊர் நிலவரத்தை உறவுக்காரர் ஒருவர் வந்து சொல்வது மாதிரி இருக்கும். நடந்ததோ போர், கலவரம், மரணம். இலங்கையில் பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தவர்கள் அந்த அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அதை மென்மை என்று நான் சொல்ல மாட்டேன். நிதானம் என்று சொல்லலாம்.

கேஸட்டில் அப்பா பதிவு செய்து வைத்த இரவு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், சிவகாசி

அவசரப்படாதீர்கள். உங்களிடம் இருப்பது நிலையத்திலேயே இல்லாமல் போயிருக்கலாம். அந்தக் காலத்தில் நேரடியாகப் பேசியதைப் பதிவு செய்யும் வழக்கம் குறைவு. பதிவு செய்தாலும் நாடா விலை அதிகம் என்பதால் அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். உலகம் முழுக்க வானொலி நிலையங்கள் இப்படித்தான் நடந்துகொண்டன.

கேஸட்டை எடுத்து முதலில் நாடாவின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. வீட்டு டெக்கில் போடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் நடுவில் சின்ன ஸ்பான்ஜ் துண்டு ஒட்டிய தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேஸட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாமல் போட்டால் சத்தம் மங்கலாக வரும், கேஸட் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள். வீணாய்ப்போன வேறு கேஸட்டில் இருந்து எடுத்து ஒட்டலாம். அப்புறம் டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னொரு ஓட்டம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். இடையில் வருகிற இரைச்சலையும் விளம்பரத்தையும் வெட்டாமல் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு எங்கும் கிடைக்கும், அந்த விளம்பரமும் நேரம் சொன்ன குரலும் கிடைக்காது.

எனக்கு 24 வயது. என் போனில் ஆயிரம் பாட்காஸ்ட் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் சொல்வது வெறும் 'அந்தக் காலத்துல' புலம்பல்தானே அண்ணே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சென்னை

ஒரு பங்கு புலம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு வந்ததெல்லாம் தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறந்தநாள் வாழ்த்தில் அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, மாமா, தம்பி, தங்கை என்று பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள், பாட்டு வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். வறட்டு உரைகள் நிறைய உண்டு. நானும் போனில் பாட்காஸ்ட் கேட்கிறேன், சிலது பிரமாதம். இரண்டு பேர் உட்கார்ந்து தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொள்கிற ரகத்தை மட்டும் நிறுத்திவிடுவேன்.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். உங்கள் போனில் வருகிறவர் எப்போதோ பேசிவிட்டுப் போனவர். ரேடியோவில் அந்த ஆள் அந்த நேரத்தில் விழித்திருந்தார். கொழும்பில் மழை என்றால் மழை என்று சொல்வார், கொட்டாவியை அடக்குவது கூடச் சில நாள் தெரியும். நீங்கள் நிறுத்தினாலும் அவர் பேசிக்கொண்டிருப்பார். அவர் முடித்துவிட்டால் நீங்கள் கெஞ்சினாலும் வராது. முடிந்த பிறகு அலை நின்று வெறும் இரைச்சல் வரும். அதை அணைக்காமலே தூங்கிவிட்டு, காலையில் 'ரேடியோ செத்துப்போச்சு' என்று கடைக்கு ஓடிவருகிறவர்கள் எனக்கு நிரந்தர வாடிக்கை. பேட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்புவேன். அதற்கு நான் கூலி வாங்கியதில்லை.

தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் இருக்கிறது. இப்போது வேலை செய்யுமா? ராத்திரியில் எதாவது கிடைக்குமா?
– வாசகி, நாகர்கோவில்

நேரடியாகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே இருக்கிற பழைய கண்டென்சர்கள் கசியும்; திடீரென்று முழு மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து எரியும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு மெல்ல உயிர் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். எரிந்து மங்கினால் நல்ல சகுனம். பின்பக்க அட்டையைக் கழற்றிவிட்டு ஓடவிடும்போது குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள், உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்.

கிடைப்பது முன்போல இருக்காது. மத்திய அலை நிலையங்கள் பல மூடிக்கொண்டே வருகின்றன, சிற்றலையில் தமிழ் அநேகமாக இல்லை. ஆனாலும் உங்கள் ஊர் கடலுக்குக் கிட்ட. இருட்டிய பிறகு, வீட்டில் உள்ள எல்.ஈ.டி. விளக்குகளையும் போன் சார்ஜர்களையும் அணைத்துவிட்டு முயன்று பாருங்கள். இன்றைக்கு மத்திய அலையைக் கெடுப்பது வானத்தைவிட இவைதான். மொட்டைமாடியில் ஒரு நீளக் கம்பியை ஏரியலாகக் கட்டினால் நல்லது, இடி மின்னல் சமயத்தில் கழற்றிவிடுங்கள்.

டயல் கயிறு மாற்றும் முறை கேட்டிருந்த சாத்தூர் வாசகருக்கு: எழுத்தில் சொன்னால் குழப்பம், அடுத்த இதழில் படம் போட்டே காட்டுகிறேன். அதுவரை பழைய கயிற்றைப் பிரித்துவிடாதீர்கள், எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று என்று அதைப் பார்த்துத்தான் எழுதிவைக்க வேண்டும்.